ஆற்றுப் புறம்போக்குக்கு வடக்கு: நதி எல்லைகளை மாநிலங்கள் திருத்திக்கொள்வது எப்படி?

பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கி வரும் ஆரணியாறு, சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தரும் சுருட்டப்பள்ளியைக் கடந்து, ஊத்துக்கோட்டைப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயல் மழை பெய்து அணையைத் திறந்துவிட்டால், ஆடியில் கால் நனையாமல் கடந்த ஆறு ஒரே இரவில் கரை புரளும். வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் தண்ணீர் ஓடும் தடம் சில கஜம் விலகியிருக்கும். போன வருஷத்து மணல் திட்டு மடுவாகியிருக்கும், மடு தூர்ந்து கோரை முளைத்திருக்கும். சத்தியவேடு வட்டாரத்தில் தமிழ் பேசி வளர்ந்த எங்களுக்கு மாநில எல்லை அன்றாடப் புழக்கத்தில் உள்ள ஒன்று. ரேஷன் அட்டை தெலுங்கில் இருக்கும், கல்யாணப் பத்திரிகை தமிழில் அச்சாகும். ஆனாலும், ஆறு தடம் மாறியதால் நேற்று ஆந்திரத்தில் இருந்த வயல் இன்று தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது என்று இந்தப் பக்கத்தில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வட இந்தியாவில் கங்கைக் கரையிலும் யமுனைக் கரையிலும் இருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே மாநிலங்கள் கூடிப் பேசி எல்லையைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. எங்களுக்கு அந்தத் தொல்லை ஏன் வரவில்லை, அவர்களுக்கு ஏன் வந்தது, பேசி முடித்த பிறகும் யமுனைக் கரையில் ஏன் அது ஓயவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்தால் மட்டும் போதாது. அந்தக் கோட்டுக்கு இருபுறமும் உள்ள நிலத்தின் பட்டா, அடங்கல், அதை உழுகிறவரின் உரிமை ஆகியவற்றையும் அதே மூச்சில் முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் ஆறு எப்படி எல்லையாகிறது என்பதைப் பார்க்கலாம். படம் வரைகிறவருக்கு ஆற்றைப் போல வசதியான எல்லை வேறில்லை. கல் நட வேண்டாம், காவல் வைக்க வேண்டாம், இரு தரப்புக்கும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஆறு என்பது அகலமுள்ள ஒன்று. எல்லையோ அகலமில்லாத கோடு. ஆகவே ஆற்றுக்குள் கோடு எங்கே ஓடுகிறது என்று வரையறுக்க வேண்டியிருக்கிறது. சில எல்லைகள் ஒரு கரையைப் பிடித்துப் போகின்றன. அமெரிக்காவில் டெக்சஸ், ஓக்லஹாமா மாநிலங்களுக்கு இடையே ஓடும் சிவப்பு ஆற்றில் எல்லை தென்கரையில் இருக்கிறது. அந்தக் கரை எது என்பதிலேயே தகராறு தொடர்ந்ததால், தென்கரையில் செடிகொடிகள் தொடங்கும் வரிசையே எல்லை என்று இரு மாநிலங்களும் உடன்பட்டு, 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதலையும் பெற்றன. சில எல்லைகள் நீர்ப்பரப்பின் நடுக்கோட்டில் போகின்றன. படகு போக்குவரத்துள்ள ஆறுகளில் பெரும்பாலும் மிக ஆழமான நீரோட்டத்தின் தடமே எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அனைத்துலகச் சட்டத்தில் இதற்குத் தால்வெக் என்ற ஜெர்மானியச் சொல் வழங்குகிறது. வட இந்தியக் கிராமங்கள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கவில்லை. ஆழ்நீரோட்டமே எல்லை என்ற வழக்கத்துக்கு அங்கே தார்துரா என்று பழைய பெயர் உண்டு.

ஆறு நகரும்போது என்ன செய்வது என்பதற்கும் ஒரு பழைய நியதி இருக்கிறது. ஆறு சிறுகச் சிறுக ஒரு கரையை அரித்து மறு கரையில் வண்டலைச் சேர்த்துக்கொண்டே போனால் எல்லையும் அதனோடு நகரும். ஒரே வெள்ளத்தில் பழைய தடத்தை விட்டுப் பாய்ந்து புதுத் தடம் பிடித்தால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். 1825ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குமுறைச் சட்டம் தனியார் நிலங்களுக்கு ஏறத்தாழ இதே நியதியைத்தான் எழுதி வைத்தது. உள்ளூர் வழக்கம் இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால், மெல்லச் சேர்ந்த மண் சேர்ந்த கரைக்காரருக்கு, திடீரென அறுந்து போன நிலம் அடையாளம் தெரிகிற வரையில் பழைய உடைமையாளருக்கு. அமெரிக்காவில் மிசௌரி ஆறு 1877இல் தடம் மாறியபோது ஐயோவா மாநிலத்தின் ஒரு துண்டு நிலம் நெப்ராஸ்கா பக்கம் ஒதுங்கிவிட்டது. அது ஐயோவாவுக்கே உரியது என்று 1892இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார்ட்டர் லேக் என்ற அந்தச் சிறு நகரம் இன்றைக்கும் ஆற்றின் எதிர்க்கரையில், ஒமாஹா நகரை ஒட்டிக்கொண்டு, ஐயோவாவின் ஊராகவே இருக்கிறது.

நியதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கங்கைச் சமவெளியில் எது மெல்ல நகர்ந்தது, எது திடீரென்று பாய்ந்தது என்று யார் சாட்சி சொல்வது? இமயத்திலிருந்து மண்ணைச் சுமந்து வரும் காக்ராவும் கங்கையும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் படுகையைப் புரட்டிப் போடுகின்றன. வெள்ளம் வடிந்தபின் எழும் வண்டல் நிலத்தை அங்கே தியாரா என்கிறார்கள். நம் கோதாவரி மாவட்டங்களில் ஆற்று நடுவே எழும் திட்டுகளை லங்க நிலம் என்று சொல்வதற்கு இது பெரிதும் ஒத்தது. எரு போடாமலே விளையும் மண் என்பதால் அதன்மீது ஆசை அதிகம். உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்துக்கும் பீகாரின் ஷாகாபாத், சாரண் மாவட்டங்களுக்கும் இடையே ஆழ்நீரோட்டமே மாநில எல்லையாக இருந்தது. ஆழம் இடம் மாறியபோதெல்லாம் கிராமங்கள் மாநிலம் மாறின. இந்தக் கரைக்காரர் விதைத்த பயிரை அந்தக் கரைக்காரர் அறுக்க வந்தார். வரி வசூலிக்க இரண்டு அரசுகள் இருந்தன, அடிதடி என்று போனால் வழக்குப் பதிய எந்தக் காவல் நிலையம் என்பதில் குழப்பம் இருந்தது.

இரண்டு மாநிலங்களும் இந்தச் சிக்கலைச் சி. எம். திரிவேதியின் முடிவுக்கு விட்டன. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதன் முதல் ஆளுநராக இருந்தவர் இவர்தான் என்பது எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு ஆர்வமூட்டலாம். அவருடைய பரிந்துரையின் சாரத்தை ஒரு வரியில் சொல்லலாம்: எல்லையை ஆற்றிலிருந்து பிரித்துவிடுவது. நகரும் ஆழ்நீரோட்டத்துக்குப் பதிலாக, நிலத்தில் அளந்து தூண் நட்டுக் குறிக்கப்படும் நிலையான கோடு இனி எல்லையாகும். ஆறு எங்கே வேண்டுமானாலும் ஓடட்டும். இதன் அடிப்படையில் நாடாளுமன்றம் 1968இல் பீகார், உத்தரப் பிரதேச எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. 1970இல் அது நடைமுறைக்கு வந்தது.

இந்தத் தீர்வுக்கும் ஒரு விலை உண்டு. கோடு நின்றுவிட்டது, ஆறு நிற்கவில்லை. எனவே காலப்போக்கில் ஒரு மாநிலத்தின் நிலம் ஆற்றுக்கு அப்பால் ஒதுங்கும். தம் ஊர் அலுவலகத்துக்குப் போகவும், விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுவரவும் படகேற வேண்டியிருக்கும். எல்லை ஆண்டுதோறும் ஆடிக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்றே நான் நினைக்கிறேன். எந்த வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும் என்பதாவது உழவருக்கு உறுதியாகத் தெரியும் அல்லவா?

யமுனையில் கதை வேறு விதமாகப் போயிற்று. ஹரியானாவுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் இடையே அங்கேயும் ஆழ்நீரோட்டம்தான் எல்லையாக இருந்தது. மத்திய உள்துறை அமைச்சராக இருந்தவரான உமாசங்கர் தீட்சித் 1975இல் ஒரு முடிவை அளித்தார். அதைத் தழுவி 1979இல் சட்டம் வந்து, 1983இல் நடைமுறைக்கு வந்தது. இங்கும் நிலையான கோடு, இங்கும் தூண்கள். ஆனால் யமுனைப் படுகையில் நட்ட தூண்களில் பலவற்றை வெள்ளமே கொண்டுபோயிற்று. அதைவிடப் பெரிய சிக்கல் நில ஆவணங்களில் இருந்தது. கோடு மாறியபோது இந்த மாநிலத்து உழவரின் வயல் அந்த மாநிலத்துக்குப் போனது. உழவர் பழைய ஊரிலேயே இருந்தார். சட்டத்தின் பார்வையில் மாநில எல்லை மாறுவதால் மட்டும் ஒருவருடைய நில உடைமை போய்விடாது. நடைமுறையிலோ, புதிய மாநிலத்தின் வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறாதவரை அவரால் அந்த நிலத்தை விற்கவோ, அடகு வைத்துக் கடன் வாங்கவோ, வெள்ள நிவாரணம் கேட்கவோ இயலாது. சோனிப்பட், பானிப்பட், பல்வல் பக்கத்து உழவர்களும் எதிர்க்கரையில் பாக்பட், அலிகார் பக்கத்து உழவர்களும் ஒருவரையொருவர் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லி மோதிக்கொண்ட செய்திகள் சட்டம் வந்து நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும் வந்தவண்ணம் இருந்தன. எல்லையில் மீண்டும் தூண் நடுவதற்காக இரு மாநில அதிகாரிகளும் திரும்பத் திரும்பக் கூட வேண்டியிருந்தது. தெற்கே தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். வடக்கே இந்த நிலப் பங்கீட்டில் அறுவடை நேரத்தில் உயிரே போயிருக்கிறது என்பதை நாம் போதிய அளவு அறியவில்லை என்பது என் வருத்தம்.

இடையில் ஒரு சட்ட விளக்கம் தேவைப்படுகிறது. இரண்டு மாநிலங்கள் எல்லையைத் திருத்திக்கொள்ள உடன்பட்டன என்று செய்தி வரும்போது, இரு முதலமைச்சர்களும் கையெழுத்திட்டதும் நிலம் கைமாறிவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அதற்கான மசோதாவைச் சம்பந்தப்பட்ட சட்டமன்றங்களின் கருத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. சாதாரணப் பெரும்பான்மையே போதும். வெளிநாட்டுக்கு நிலம் கொடுப்பது வேறு கதை: மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானுடன் பங்கிட்டுக்கொள்ளும் விவகாரத்தில் 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்தின்படி அதற்கு அரசமைப்புத் திருத்தமே வேண்டும். 2015இல் வங்கதேசத்துடன் நிலத்துண்டுகளைப் பரிமாறிக்கொண்டபோது நூறாவது திருத்தம் வந்தது அதனால்தான். ஆகவே மாநிலங்களுக்கு இடையிலான உடன்பாடு என்பது சட்டத்துக்கு முந்தைய படி. ஆனாலும் அந்தப் படி இல்லாமல் இதில் கைவைக்க நாடாளுமன்றம் பெரும்பாலும் தயங்கும்.

எங்கள் எல்லையே அப்படிப் பிறந்ததுதான். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் திருத்தணி, சித்தூர், புத்தூர் வட்டாரங்களைக் கேட்டு எழுந்தது. காமராசர் தலைமையிலான சென்னை அரசும் சஞ்சீவ ரெட்டி தலைமையிலான ஆந்திர அரசும் எச். வி. படாஸ்கரை நடுவராக ஏற்றன. கிராமத்தை அலகாகக் கொள்வது, அங்கே பெரும்பான்மையாகப் பேசப்படும் மொழியைப் பார்ப்பது, நிலத்தொடர்ச்சியைக் கவனிப்பது என்ற அடிப்படையில் அவர் பரிந்துரைத்தார். 1959இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்குப் போயிற்று. அளவைப் பார்த்தோ, பெரும்பான்மையைப் பார்த்தோ அது நியாயம் என்பார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன் என்ற முறையில், அதன் வலியை நான் அறிவேன். இருந்தாலும், எல்லைக்கோட்டை ஆறுகளின் மேல் தொங்கவிடாமல் கிராமங்களின் மேல் நிறுத்தியதை அந்த ஏற்பாட்டின் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று, செங்கல்பட்டு ஜில்லா என்று தலைப்பில் எழுதிய பழைய தமிழ்க் கிரயப் பத்திரம். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருக்கும். இன்னொன்று, தெலுங்கில் அச்சான பட்டாதாரர் பாஸ் புத்தகம். இரண்டும் ஒரே வயலுக்கானவை. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும் இடத்தில் "ஆற்றுப் புறம்போக்குக்கு வடக்கு" என்று எழுதியிருக்கிறது. சிறு வயதில் அதை "ஆற்றுக்கு வடக்கு" என்றே வாசித்துக் கடந்திருக்கிறேன். பத்திரம் எழுதியவர் சொல்லைத் தவறவிடவில்லை என்பது பிற்பாடுதான் புரிந்தது. அரசு உழவரிடமே நேராக வரி வாங்கிய ரயத்துவாரி முறையின் நில அளவையில் ஆற்றுக்கும் ஒரு சர்வே எண் உண்டு. தண்ணீர் ஓடும் தடம், மணல், படுகை எல்லாவற்றையும் சேர்த்து அளந்து, கல் நட்டு, புறம்போக்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். அந்த அகலத்துக்குள் ஆறு எப்படிப் புரண்டாலும் பட்டா நிலத்தின் எல்லை மாறாது. வெள்ளம் வயலை அரித்தால் மண்தான் போகும், எல்லை போகாது. கிராமக் கணக்கரான கர்ணத்தின் பேனாவுக்குத் தெரிந்திருந்த இந்த நுணுக்கத்தைத்தான், பல பத்தாண்டுத் தகராறுக்குப் பின் கங்கைக் கரைக்குத் திரிவேதி பரிந்துரைத்தார். 1960இல் மாநிலம் மாறியபோது எங்கள் வயலுக்கு ஒன்றும் நேரவில்லை. கிராமம் முழுவதாக, அதன் கணக்குகளோடும் சர்வே கற்களோடும் புதிய மாவட்டத்துக்குப் போனது. மொழி மாறியது, கச்சேரி மாறியது. பாட்டிக்குத் தெலுங்கு எழுத்தில் வந்த முதல் நிலவரி ரசீதைப் படித்துக் காட்ட ஆள் தேட வேண்டியிருந்தது என்பார்கள். நிலம் யாருடையது என்ற கேள்வி மட்டும் எழவில்லை. யமுனைக் கரை உழவருக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

நாடுகளுக்கு இடையே ஆற்று எல்லையைத் திருத்திய வேறு இரண்டு உடன்பாடுகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாவது சுலபமானது. பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் இடையே மாஸ் ஆற்றில் 1843இல் எல்லை குறிக்கப்பட்டது. பிற்பாடு 1962க்கும் 1980க்கும் இடையே கப்பல் போக்குவரத்துக்காக ஆற்றின் வளைவுகளை நேராக்கினார்கள். அதனால் இரு நாடுகளின் சிறு துண்டுகளும் தவறான கரையில் ஒதுங்கின. அப்படி ஒதுங்கிய பெல்ஜிய நிலத்தில் ஒரு முறை தலையில்லாத சடலம் கண்டெடுக்கப்பட்டபோது, நெதர்லாந்தின் வழியாகச் செல்ல அனுமதியில்லாததால் பெல்ஜியக் காவலர்கள் படகில் வர வேண்டியதாயிற்று. 2016இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2018 ஜனவரி 1 முதல் பெல்ஜியம் சுமார் 16 ஹெக்டேரைக் கொடுத்து, சுமார் 3 ஹெக்டேரைப் பெற்றுக்கொண்டது. குறைவாகப் பெற்றவர் கூச்சலிடவில்லை. ஏனென்றால் அந்த நிலத்தில் குடியிருப்போர் எவருமில்லை.

இரண்டாவது அவ்வளவு சுலபமில்லை. அமெரிக்காவின் எல் பாசோ நகருக்கும் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ் நகருக்கும் நடுவே ரியோ கிராண்டே ஆறு எல்லையாக இருந்தது. 1864 வெள்ளத்துக்குப் பிறகு ஆறு தெற்கே தள்ளிப்போனதில் சமிசால் என்ற மெக்சிகோ நிலப்பகுதி அமெரிக்கக் கரையில் சேர்ந்தது. 1911இல் நடுவர் குழு மெக்சிகோவுக்குப் பெரும்பகுதியைக் கொடுக்கச் சொன்னது. அமெரிக்கா ஏற்க மறுத்தது. 1963இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. மெக்சிகோவுக்கு நிகரமாக 437 ஏக்கர் திரும்பியது. மீண்டும் நகராதபடி ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலுக்குள் விட்டார்கள், செலவை இரு நாடுகளும் பகிர்ந்துகொண்டன. ஆனால் அந்த நூறு ஆண்டில் அங்கே வீடு கட்டிக் குடியேறியிருந்த சுமார் 5,600 பேர் வெளியேற வேண்டியிருந்தது. அரசு இழப்பீடு கொடுத்தது உண்மை. அண்டை வீடும் தெருக்கோடித் தேவாலயமும் எந்த இழப்பீட்டிலும் அடங்குவதில்லை. ஒரு தலைமுறையில் தீர்த்திருக்க வேண்டியதை நான்கு தலைமுறை தள்ளிப்போட்டால், தீர்வின் சுமையை அந்தத் தகராறில் பங்கே இல்லாதவர்கள் சுமக்கிறார்கள். அதே ஆற்றில், 1905இலேயே இரு நாடுகளும் சிறு துண்டுகளுக்கு ஒரு விதி செய்திருந்தன: ஆறு அறுத்துவிட்ட துண்டு 250 ஹெக்டேருக்கும் 200 மக்களுக்கும் மேற்படாவிட்டால், அது ஒதுங்கிய கரையின் நாட்டுக்குப் போகும். சண்டை வரும் முன்பே எழுதிவைத்த விதி என்பதால் எத்தனையோ துண்டுகள் ஓசையின்றிக் கைமாறின.

எங்கள் பக்கத்தில் கல் நட முடியாத எல்லை ஒன்று மிச்சமிருக்கிறது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் கிடக்கின்றன. எல்லைக்கோடு உப்புத் தண்ணீருக்குள் போகிறது. முகத்துவாரம் மணலடித்துத் தூரும் வருஷத்தில் நீர் வற்றி, இறால் இருக்கும் ஆழமான இடங்கள் சுருங்கும். அப்போது இரு மாநிலத்து மீனவர்களும் ஒரே நீரில் வலையோடு எதிரெதிரே நிற்க நேர்கிறது, படகும் வலையும் சிறைபிடிக்கப்படுகின்றன. ஏரியின் தமிழகக் கரைக் குப்பங்களில் பாடு என்ற பழைய முறை உண்டு: எந்த நாளில் எந்த இடத்தில் எவர் வலை இறக்கலாம் என்பதை ஊரே கூடி முறை வைத்துத் தீர்மானிக்கும். ஆழமான இடம் ஒருவருக்கே நிரந்தரமாகச் சிக்கிவிடாமல் அது பார்த்துக்கொள்கிறது. இந்த ஏரிக்கு இரு அரசுகளும் என்றேனும் ஓர் உடன்பாடு எழுதுமானால், அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளோடு எந்தக் குப்பத்துக்கு எந்த நீரில் எத்தனை நாள் பாடு என்பதும், எல்லைக்கோட்டைத் தாண்டி வந்த வலையைப் பிடுங்காமல் யாரிடம் முறையிடுவது என்பதும் அதன் அட்டவணையில் இடம்பெற வேண்டும். அதை எழுத உட்காருகிறவர்கள், தம் மேசையில் இரு கரைக் குப்பங்களின் தலைக்கட்டுகளுக்கும் நாற்காலி போட வேண்டும்.